தோக்கிறது யாரு, அதை முதல்ல சொல்லு தாயி

ஏன் தாயி, பிள்ளைக்கு லாஜிக் சொல்லிக் குடுக்கணும்னு உனக்குத் திடீர்னு ஏன் தோணுச்சு? "சிந்தனைத் திறன் வளரணும் மாமா"ங்கே. அது பட்டணத்துப் பதில். அதை உன் சிநேகிதிமார்கிட்டச் சொல்லிக்கோ. ஊர்ப் பதிலை நான் சொல்லுதேன். சின்னவளுக்குப் பன்னெண்டு வயசாச்சு. முன்னெல்லாம் "சாப்பிடு"ன்னா சாப்பிட்டா, "படு"ன்னா படுத்தா. இப்ப "ஏன்"ங்கா. ஒரு காரணம் சொன்னா, "போன வாரம் வேற காரணம் சொன்னீங்களே"ங்கா. லாஜிக் படிச்சா நியாயம் புரிஞ்சு அடங்கிருவான்னு நீயும் எம் மகனும் ராத்திரி உக்காந்து முடிவெடுத்திருக்கீக. அடங்குவாளாக்கும்! இன்னைவரைக்கும் வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லி எதிர்த்துப் பேசுதா. இனிமே வகையான காரணத்தைச் சொல்லி எதிர்த்துப் பேசுவா. நீங்க காசு செலவழிக்கப் போறது அந்த வித்தியாசத்துக்குத்தான்.

வேண்டாம்னா சொல்லுதேன்? நல்லா வாங்கு. ஆனா எந்தப் புத்தகம்னு கேக்குமுன்னே வேற ஒண்ணு முடிவு பண்ணணும். இந்த வீட்டுல தோக்கப் போறது யாரு?

சிரிக்காதே. பள்ளிக்கூடத்துல படிக்கிற பிள்ளை வாத்தியாரை மடக்கினா, அவரு "உக்காரு"ம்பாரு, கொஞ்ச நேரத்துல மணியும் அடிச்சிரும். அவரு மானத்தோட அடுத்த வகுப்புக்குப் போயிருவாரு. நீங்க பிள்ளையை வீட்டுல வச்சுப் படிக்க வைக்கீக. டீச்சரும் நீதான், ஆத்தாளும் நீதான், சோறு போடுறவளும் நீதான். இங்க மணி அடிக்காது. காலையில அவ கேட்ட கேள்விக்கு நீ மழுப்பினது ராத்திரி தோசைக்கல்லு வரைக்கும் கூடவே வரும். அவ படிச்ச வித்தையை முதமுதல்ல யாரு மேல பரீட்சை பாப்பாங்கே? பக்கத்து வீட்டுக்காரன் மேலயா? உன் மேலதான். அடுத்து உம் புருசன். எனக்கு இருக்கவே இருக்கு காது கேக்காத வியாதி. எப்ப வேணுமோ அப்ப வரும்.

இதை நான் மட்டும் சொல்லலை. டோரத்தி சேயர்ஸ்னு இங்கிலாந்துல ஒரு அம்மா, துப்பறியும் கதை எழுதிப் பேர் வாங்கினவுக. 1947-ல ஆக்ஸ்ஃபோர்டுல ஒரு பேச்சுப் பேசினாக. இன்னைக்கு அமெரிக்காவுல வீட்டுப் படிப்புக்காரங்கள்ல ஒரு பெருங்கூட்டம் அந்தப் பேச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பாடத்திட்டமே போடுதாக. பிள்ளைக வளர்ச்சியில மூணு பருவம்னாக அந்தம்மா. முதல்ல சொன்னதைத் திருப்பிச் சொல்லுற கிளிப் பருவம். கடைசியில தன்னைத்தானே தேடுற கவிப் பருவம். நடுவுல இருக்கு பாரு, அதுதான் உம் பொண்ணு இருக்கிற இடம்: எதுக்கெடுத்தாலும் மறுத்துப் பேசுறது, பெரியவங்களைத் தப்புல பிடிக்கிறதுல ஒரு குஷி, விடுகதை போட்டு மடக்குறது. தொந்தரவு உச்சத்துல இருக்கிற பருவம்னு அந்தம்மாவே ஒத்துக்கிட்டாக. அந்த வாயாடித்தனத்தை அடக்காதீக, அதுக்கு ஏத்த படிப்பு லாஜிக்தான், அதைக் குடுங்கன்னாக. 1999-ல ஜெஸ்ஸி வைஸும் மக சூசன் வைஸ் பாவரும் சேர்ந்து 'தி வெல்-டிரெயின்ட் மைண்ட்'னு ஒரு தடிப்புத்தகம் போட்டு, அஞ்சாம் வகுப்புல இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் லாஜிக் கட்டம்னு பாத்தி கட்டிக் குடுத்துட்டாக. ஆத்தாளும் மகளுமாச் சேர்ந்து எழுதின புத்தகம், பாத்துக்கோ. அந்த வீட்டுல யாரு தோத்தாகன்னு புத்தகத்துல போடலை.

அப்ப சண்டைக்காரிகிட்டச் சண்டை போடவே சொல்லிக் குடுக்கணுமான்னு நீ கேக்கலாம். ஆமா. எப்படியும் போடத்தான் போறா. கண்ணைக் கசக்கிக்கிட்டுக் கதவைச் சாத்துறதுக்கு, உக்காந்து "நீங்க சொன்ன ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலை"ன்னு சொல்லுறது எவ்வளவோ மேலு. கதவுக்கும் நல்லது.

அடுத்து, "எனக்கே லாஜிக் தெரியாதே மாமா, நான் எப்படிச் சொல்லிக் குடுக்க"ன்னு ஒரு பயம் உனக்கு. அதை நீ வாய் விட்டுச் சொல்லலை, மூஞ்சியில எழுதியிருக்கு. எட்டாங்கிளாசோட ஏர் பிடிக்கப் போனவன் நானு. மிச்சமெல்லாம் ஊர் நூலகத்து பெஞ்சியிலதான். அந்தத் தைரியத்துல ஒண்ணு சொல்லுதேன். உ.வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சுப் போட எடுத்தப்ப, அதுல வர்ற பௌத்த விஷயம் அவருக்குப் பிடிபடலை. பெரிய தமிழ்ப் பண்டிதரு, கும்பகோணம் காலேஜில வாத்தியாரு. "எனக்கா தெரியாது"ன்னு வீம்பு பண்ணலை. அங்கயே வேலை பாத்த ரங்காசாரியார்கிட்டப் போய்ப் பாடம் கேட்டாரு. அவரு இங்கிலீஷ் புத்தகங்களைப் படிச்சு எடுத்துச் சொல்லச் சொல்ல, இவரு தெளிஞ்சு 1898-ல புத்தகத்தைக் கொண்டாந்தாரு. உ.வே.சா.வே மாணாக்கனா உக்காந்திருக்காரு, உனக்கென்ன கிரீடமா இறங்குது? பிள்ளை கூடவே படி. அவளுக்கு ஒரு பாடம் முன்னால இருந்தாப் போதும். பின்னால இருந்தாலும் பாதகமில்லை. உனக்குச் சொல்லிக் குடுக்கிற சாக்குல அவ நல்லாப் படிச்சுக்கிடுவா.

மணிமேகலைன்னதும் நீ என்னமோ பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைக்கிற தாத்தா மாதிரி என்னைப் பாக்கே. இரு, விஷயம் அங்கதான் இருக்கு. அந்தக் காப்பியத்து நாயகி மணிமேகலைப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போய்ப் படிச்சவ இல்ல. வஞ்சிக்குப் போயி, துறவி வேஷம் போட்டுக்கிட்டு, சமயவாதிமாரு ஒவ்வொருத்தர்கிட்டயும் போய் "உங்க கட்சி என்ன"ன்னு கேக்கா. அளவைவாதி தொடங்கி ஆசீவகன், நிகண்டன், சாங்கியன், வைசேடிகன்னு வரிசையா வாராக. எல்லாருக்கும் காது குடுக்கா. கடைசியில பூதவாதி ஒருத்தன். கண்ணால காணுறதைத் தவிர வேற அளவையை ஒத்துக்கிட மாட்டேன், அனுமானமெல்லாம் புரட்டுங்கான். அங்கதான் அவ சிரிச்சது. அப்படின்னா உன்னைப் பெத்த அப்பன் ஆத்தா யாருன்னு அனுமானம் இல்லாம எப்படிய்யா தெரிஞ்சுக்கிட்டேன்னு ஒரு கேள்வி போட்டா. ஆளு அவுட். டோரத்தி அம்மா சொன்ன வாயாடிப் பருவத்தை மணிமேகலை பாடின நம்ம சாத்தனாரு வஞ்சியிலயே காட்டிட்டாரு.

அதைவிட எனக்குப் பிடிச்சது அடுத்த கட்டம். காஞ்சியில பௌத்தத் துறவி அறவண அடிகள்கிட்ட வந்து "தருமத்தைச் சொல்லுங்க"ன்னு நிக்கா. அவரு எடுத்த எடுப்புல தருமத்தைச் சொன்னாரா? இல்ல. முதல்ல அளவையைச் சொல்லுதாரு. எது சரியான காரணம், எது காரணம் மாதிரி வேஷம் கட்டின போலின்னு பிரிச்சுப் பிரிச்சுச் சொல்லுதாரு. கூற்றுல வர்ற பக்கப்போலி 9, காரணத்துல வர்ற ஏதுப்போலி 14, உதாரணத்துல வர்ற திட்டாந்தப்போலி 10. அதெல்லாம் முடிஞ்ச பிற்பாடுதான், அடுத்த காதையில, தன்னோட கொள்கைக்கு வாராரு. புரியுதா தாயி? நான் சொல்லப்போறது சரியா தப்பான்னு சோதிக்கிற கருவியை முதல்ல உன் கையில குடுத்துட்டேன், இனி நான் பேசுதேங்காரு அந்தக் கிழவன். அப்படி ஒரு தைரியம் நம்ம வீட்டுல யாருக்கு இருக்கு? எனக்கு இல்ல. உங்க அத்தைக்கு இருந்ததே இல்ல. உன்னால முடியுமான்னு பாரு.

சரி, மூக்குக்கண்ணாடியை எடு. நீ எழுதிக் கொண்டாந்த பட்டியலைப் பாப்போம். போன்ல மாதிரிப் பக்கம் கிடைச்சதையெல்லாம் சின்னவ எனக்கு வாசிச்சு அர்த்தம் சொன்னா. அவ எனக்குச் சொல்லும்போதே எது அவளுக்குப் பிடிச்சிருக்குன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. உனக்குத் தெரிய இந்த வழி தோணலையா?

'தி ஃபாலசி டிடெக்டிவ்'. அண்ணன் தம்பி ரெண்டு பேரு, நதானியேல் புளூடார்ன், ஹான்ஸ் புளூடார்ன், எழுதினது. ரெண்டு பேரும் வீட்டுலயே படிச்சு வளர்ந்தவங்க. அதனால சோபாவுல படுத்துக்கிட்டுப் படிக்கிற பிள்ளைக்கு எப்படி எழுதணும்னு தெரிஞ்சிருக்கு. சின்னச் சின்னப் பாடம், நடுவுல கேலிப்படம். வேதக்காரங்க வீட்டுப் பிள்ளைக. அந்த வாசனை அங்கங்கே அடிக்கும், அது ஒரு குத்தமில்ல. முதல்ல இதை வாங்கு.

'தி ஆர்ட் ஆஃப் ஆர்க்யுமென்ட்'. இதுல 28 வகைப் போலி. ஆளைத் திட்டி விஷயத்தை மறைக்கிறது, கூட்டத்தைக் காட்டி மிரட்டுறது, பேச்சைத் திசை திருப்புறதுன்னு எல்லாத்துக்கும் ஒரு பேரு, சிலதுக்கு லத்தீன்ல. அறவண அடிகள் கணக்கு 33 ஆச்சேன்னு உம் புருசன் மீசையை முறுக்குவான், முறுக்க விடாதே. ரெண்டும் வேற வேற சரக்கு. அடிகள் சொன்னது அனுமானம் எங்க எங்க உடையும்ங்கிற கணக்கு. இவங்க சொல்லுறது மேடையிலயும் விளம்பரத்துலயும் ஏமாத்துறவன் கையாளுற வித்தை. இந்தப் புத்தகம் நல்ல புத்தகம்தான். ஆனா இதுல ஒரு வினை இருக்கு, அதைக் கடைசியில சொல்லுதேன்.

'டிரெடிஷனல் லாஜிக்'. மார்ட்டின் கோத்ரன்னு ஒருத்தரு எழுதினது. அரிஸ்டாட்டில் வழி. எல்லா மனுசரும் சாவாக, சாக்ரடீஸ் மனுசன், ஆகையினால சாக்ரடீஸும் சாவான், அந்த வகை. இந்த மூணு வரி வாக்கியத்தை மாத்தி மாத்தி அடுக்கினா மொத்தம் 256 வகை வரும். அதுல தேறுறது பழைய கணக்குப்படி 24தான். புதுக் கணக்குக்காரங்க இன்னும் கறாரு, 15தான்ங்காங்க. இம்புட்டுக் கம்மியாப் பாஸ் போடுற பள்ளிக்கூடம் நம்ம ஜில்லாவுலயே கிடையாது. எதுக்குச் சொல்லுதேன்னா, பன்னெண்டு வயசுல இதைக் குடுத்தா மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பா, கிளிப் பருவத்துக்கே திரும்பிப் போயிருவா. ஒரு வருசம் பரண்ல கிடக்கட்டும். அவளுக்கு இயற்கணிதம் ருசிக்க ஆரம்பிச்சதும் இறக்கு. சில பிள்ளைக இதைத்தான் முதல்ல கேக்கும், வாய்பாடே வேணும்னு அடம் பிடிக்கும். உம் பொண்ணு அந்த ரகமா இருந்தா என் பேச்சைத் தள்ளிட்டு இதையே குடு.

நாலாவது, ரேமண்ட் ஸ்மல்யன் 1978-ல எழுதினது. பேரே 'வாட் இஸ் தி நேம் ஆஃப் திஸ் புக்?' தான். கடையில போயி இந்தப் புத்தகத்துக்குப் பேரென்னன்னு கேட்டா அதுதான் பேருங்கான் கடைக்காரன். நல்ல கிறுக்குப் பய. ஒரு தீவு. அங்க ஒரு சாதி மெய்யே பேசும், ஒரு சாதி பொய்யே பேசும். எதிர்ல வந்தவன் எதைச் சேந்தவன்னு அவன் பேச்சை வச்சே கண்டுபிடிக்கணும். நம்ம சந்தைத் தரகன் ரெண்டையும் கலந்துல்லா பேசுவான், அவனை எதுல சேக்கன்னு கேட்டேன். சின்னவ பக்கத்தைத் தள்ளிப் பாத்துட்டு, "அதுக்கும் இருக்கு தாத்தா. எப்பவாச்சும் மெய், எப்பவாச்சும் பொய் பேசுறவங்க. அவங்களுக்குப் பேரு 'சாதாரண மனுசங்க'"ன்னா. ஸ்மல்யன் நம்ம சந்தைக்கு வந்திருப்பாரோன்னு எனக்கு ஒரு சந்தேகம். இதைப் பாடமா வைக்காதே, தேதி குறிக்காதே. திண்ணையில கிடக்கட்டும், அவளா எடுப்பா.

இத்தனை வாங்குறதுக்கு முன்னாலயே வீட்டுல கிடக்கிறதை எடுத்தியா? ஆடு புலி ஆட்டம் வரைஞ்சு குடு. 3 புலி, 15 ஆடு. ஆட்டுக்காரன் தன் ஆட்டைக் காப்பாத்திக்கிட்டே புலியை அடைக்கணும். "நான் இங்க வச்சா, அது அங்க தாவும், தாவினா இது காலியாகும்"னு வாய்க்குள்ள முணுமுணுக்கிறா பாரு, அதுதான் லாஜிக். புலி, ஆடு, புல்லுக்கட்டு மூணையும் ஒரே படகுல கரை சேக்கிற கணக்கு உனக்கே தெரியும். சீமையில அதையே ஓநாய், ஆடு, முட்டைக்கோஸ்னு ஆயிரம் வருசத்துக்கு மேலா பிள்ளைகளுக்குப் போட்டுக்கிட்டு இருக்காக.

இங்க ஒரு சூட்சுமம் சொல்லுதேன். பீட்டர் வேசன்னு ஒரு மனோதத்துவக்காரரு, 1966-ல ஒரு சோதனை வச்சாரு. நாலு அட்டை. ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். கண்ணுக்குத் தெரியுறது அ, க, 4, 7ன்னு வச்சுக்கோ. "ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தா மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கும்"னு ஒரு விதி. இது மெய்யா பொய்யான்னு பாக்க எந்த எந்த அட்டையைத் திருப்பணும்? எம் மகன் இஞ்சினியரு, அ, 4ன்னான். தப்பு. அ, 7. 4-க்குப் பின்னால எது இருந்தா விதிக்கு என்ன வந்தது? 7-க்குப் பின்னால உயிரெழுத்து இருந்தாத்தான் விதி செத்தது. அவன் மேல வருத்தமில்ல. வேசன் கேட்ட பெரிய படிப்புக்காரங்கள்லயும் பத்துக்கு ஒருத்தர் கூடத் தேறலை. 1982-ல கிரிக்ஸ், காக்ஸ்னு ரெண்டு பேரு அமெரிக்காவுல அதே கணக்கை வேற வேஷத்துல போட்டாக: "பீர் குடிக்கிறவன் இத்தனை வயசுக்கு மேல இருக்கணும்." ஒருத்தன் பீர் குடிக்கான், ஒருத்தன் சோடா குடிக்கான், ஒருத்தன் பெரியவன், ஒருத்தன் சின்னப்பய. யாரைப் பிடிச்சு விசாரிப்பே? முக்கால்வாசிப் பேரு சரியாச் சொல்லிட்டாக. சின்னவளும் சொல்லிட்டா: பீர்க்காரனோட வயசைப் பாக்கணும், சின்னப்பயலோட கிளாசைப் பாக்கணும். கணக்கு ஒண்ணேதான். தெரிஞ்ச காரியமா இருந்தா மூளை ஓடுது, வெறும் எழுத்தா இருந்தா நொண்டுது.

அதனால புத்தகம் எதுவா இருந்தாலும், ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ளூர்ச் சரக்கு ஒண்ணு தேடி வை. நம்ம நாட்டுப் பழைய தருக்கக்காரன் இதுல கெட்டிக்காரன். மலையில நெருப்பு இருக்கு, ஏன்னா புகை இருக்குன்னு சொன்னா விட மாட்டான். எங்க கண்டே அப்படின்னு கேப்பான். அடுக்களையில கண்டேன்னு திட்டாந்தம் காட்டணும். அரிஸ்டாட்டிலோட மூணு வரியில திட்டாந்தம் கட்டாயமில்ல. இங்க அது இல்லாம நகர முடியாது. அந்த அடுக்களையிலயே பிள்ளைக்குப் பாடம் வை. புகை இருந்தா நெருப்பு இருக்கும், சரி. நெருப்பு இருந்தாப் புகை இருக்குமா? உங்க அத்தை விறகடுப்புல சமைச்ச காலத்துல இருந்துச்சு. உன் கேஸ் அடுப்புல எங்க இருக்கு? ஒரு வழியாப் போற வாக்கியம் திரும்பி வராதுங்கிறதை அவளே கேஸ் அடுப்பைப் பத்த வச்சுக் கண்டுக்கிடுவா. மார்கழி விடியக்காலையில கரிசல் காட்டு மேல வெள்ளையா நிக்கும்லா? அது பனியா புகையான்னு தீராம, நெருப்புன்னு தீர்ப்புச் சொன்னா அதுவும் ஒரு போலின்னு மணிமேகலையில இருக்கு. அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வர்ற புத்தகத்துல பேஸ்பால் உதாரணம் வரும். பிள்ளை லாஜிக்கைப் படிப்பாளா, பேஸ்பாலைப் படிப்பாளா?

உள்ளூர்ச் சரக்குக்குப் பஞ்சமே இல்ல. எம் மகனோட வாட்ஸ்அப் குரூப்பைத் திற. திருநள்ளாறு கோயிலுக்கு மேல செயற்கைக்கோள் போனா மூணு வினாடி நின்னு போகுதாம், நாசாவே திகைச்சுப் போச்சாம். நாசாவுல யாரு, எப்ப, எங்க சொன்னான்னு கேக்கச் சொல்லு. பூமியைச் சுத்துற கோள் நடுவுல நின்னா விழுந்துல்லா போகணும்னும் கேக்கச் சொல்லு. ஒரு மாசத்துக்குப் பாடப் புத்தகமே வேண்டாம். சித்தப்பாமாரு அனுப்புறதே போதும். காக்கா உக்காந்துச்சு, பனம்பழம் விழுந்துச்சு, அதனால காக்காதான் தள்ளிச்சுங்கிறது இன்னொண்ணு. பரீட்சைக்குப் போகும்போது பூனை குறுக்க வந்த கதையெல்லாம் அந்த வகையறா. நானே அடிக்கடி விடுவேன்லா, "அந்தக் காலத்துல நாங்க கம்மங்கூழு குடிச்சு, ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காம எண்பது வயசு இருந்தோம்"னு? கம்மங்கூழு குடிச்சும் முப்பதுல போனவன் வந்து சாட்சி சொல்ல மாட்டான் பாரு, அந்தத் தைரியத்துலதான் விடுதேன். இதையும் பிள்ளை கண்டுபிடிக்கட்டும். நீ சொல்லிக் குடுக்காதே. என் மரியாதை கொஞ்ச நாள் ஓடட்டும்.

இப்ப அந்த 28 வகை வினைக்கு வருவோம். பேரு தெரிஞ்சதும் பிள்ளைக்கு ஒரு வெறி வரும். யாரு வாயைத் திறந்தாலும் "இது இன்ன போலி"ன்னு முத்திரை குத்துவா. குத்தினதும் தான் ஜெயிச்சிட்டதா நெனைப்பா. அங்க பிடிச்சு நிறுத்து. எங்க காலத்துல ஒரு மாட்டை விலை பேசினா, சுழி பாக்கிறவன் ஒருத்தன் வருவான். "பாடைச்சுழி இருக்கு, வாங்கினவன் வீட்டுல பிணம் விழும்"பான். இது காரணமா? இல்ல, சுத்தப் போலி. மயிர் சுத்தியிருக்கிறதுக்கும் ஆளு சாகுறதுக்கும் என்ன சம்பந்தம்? சரி, காரணம் தப்புன்னு நிரூபிச்சாச்சு. அதனால மாடு நல்ல மாடா? நடக்க விட்டுப் பாத்தாப் பின்னங்கால்ல நொண்டுது! சுழிக்காரன் சொன்ன காரணம் பொய், சொன்ன முடிவு, "வாங்காதே"ங்கிறது, சரி. ஒருத்தன் வாதம் கெட்டதுங்கிறதால அவன் முடிவும் கெட்டதுன்னு ஆயிராது. உங்க அத்தை "வெள்ளிக்கிழமை ராத்திரி தனியா வெளிய போகாதே, பேய் பிடிக்கும்"னு சொன்னா, பேய் இல்லைன்னு பிள்ளை சுலபமா நிரூபிச்சிருவா. தெருவிளக்கு எரியலை, நாய் கிடக்கு. போக வேண்டாங்கிறது அப்படியேதான் நிக்குது. இதை மட்டும் அவ பிடிச்சுக்கிட்டான்னா 28-ஐயும் மறந்தாலும் மோசமில்ல.

மார்க்கு எப்படிப் போடன்னு கேக்கே. எதுக்கு மார்க்கு? அவளுக்கு 14 ஆனதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில பத்தாம் வகுப்பு எழுத வைக்கப் போறீக, அங்க லாஜிக் கட்டாயப் பாடம் இல்ல. மார்க்கு இல்லாத படிப்பு ஒண்ணாச்சும் வீட்டுல இருக்கட்டுமே. வாரத்துக்கு ரெண்டு நாள், அரைமணி நேரம். அவ கொட்டாவி விட்டா மூடி வை.

கடைசியில தோக்கிற விஷயம். எம் மகனுக்குத் தோக்கத் தெரியாது. அவன் ஆத்தா வளர்ப்பு அப்படி. அதனால நீதான். முறை இருக்கு. பிள்ளை மடக்கினா, "வாயாடி"ன்னு சொல்லாதே. அது ஆளைத் திட்டுற போலி, அவ பேரோட சொல்லுவா. "அந்த வீட்டுப் பிள்ளையைப் பாரு"ன்னும் சொல்லாதே, அதுக்கும் ஒரு பேரு இருக்கு. "நீ சொல்லுறது சரிதான், நான் யோசிக்கணும்"னு சொல்லு. சொல்லிட்டு உண்மையிலயே யோசி. எல்லாத்துலயும் தோக்கணும்னு இல்ல. காரணம் கேக்க அவளுக்கு உரிமை, முடிவு பண்ண உனக்கு உரிமை. "கண்ணு கெடும்"னு நிரூபிக்க முடியாத ஒண்ணைச் சொல்லி போனைப் பிடுங்கி மாட்டிக்கிடாதே. "நான் அலுத்துப் போயிருக்கேன், எனக்கு இப்ப அமைதி வேணும், அதனால வை"ன்னு மெய்க் காரணத்தைச் சொல்லு. அதை எந்த அரிஸ்டாட்டில் வந்தாலும் உடைக்க முடியாது. நாம பாதி நேரம் தோக்கிறது காரணம் இல்லாம இல்ல தாயி. இருக்கிற காரணத்தைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, இல்லாத காரணத்தைச் சொல்லுறதாலதான்.

புத்தகம் வந்து சேர எப்படியும் நாளாகும். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். வர்ற சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச்சந்தைக்குச் சின்னவளைக் கூட்டிக்கிட்டுப் போறேன். வியாபாரி ஆட்டோட வாயைப் பிளந்து "ரெண்டு பல்லு"ம்பான், "நாலு பல்லு"ம்பான். பல்லை வச்சு வயசைச் சொல்லுறது அசல் அனுமானம். எட்டும் விழுந்து முளைச்சுக் கடை சேர்ந்த பிறகு அந்த அனுமானம் ஏன் உதவாதுன்னு அவளைக் கேக்கப் போறேன். வயிறு புடைச்சிருக்கிற கிடா கொழுத்த கிடாவா, வரும்போது தண்ணி காட்டினதான்னும் கேப்பேன். துண்டைப் போட்டு மூடி, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசுறாக பாரு, அங்க வாய்ப்பேச்சுக்கே வேலை இல்ல. அதையும் அவ பாக்கட்டும்.

சந்தை விடியுமுன்னே கூடிரும். வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளையை வெள்ளனாப் படுக்கச் சொல்லு. ஏன்னு கேப்பா. காரணத்தைச் சொல்லு, "தாத்தா சொன்னாரு"ன்னு மட்டும் சொல்லிராதே, அந்தப் போலிக்கும் ஒரு பேரு இருக்காம்.